விளையாட்டிலிருந்து வந்த படத்தைக் கூடிப் பார்த்து, கருத்தை உருப்படியாக எழுதுவது எப்படி

வார்கிராஃப்ட் என்ற கம்ப்யூட்டர் விளையாட்டிலிருந்து எடுத்த படம் 2016-இல் வந்தது. இன்றைக்கும் எங்கள் கூட்டத்தில் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் சண்டை வந்துவிடும். சண்டை போடுவதில் தப்பே இல்லை. ஆனால் அதில் பாதி படத்தைப் பற்றியே இருக்காது. யார் எத்தனை வருஷம் விளையாடினார்கள், யாருக்கு அந்த உலகத்தின் கதை அதிகம் தெரியும் என்பதில் போய் முடியும். படத்தைப் பற்றி எழுதிப் போடுகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள். ‘விளையாடினவனுக்குத்தான் புரியும்’ என்கிறது ஒரு பக்கம். ‘தலையும் புரியல வாலும் புரியல’ என்கிறது இன்னொரு பக்கம். இரண்டையும் படித்து முடித்த பிறகும் படம் எப்படி என்று தெரியாது.

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். அண்ணனுடைய கம்ப்யூட்டரில் வார்கிராஃப்ட் 3 விளையாடி வளர்ந்தவள். விளையாட்டிலிருந்து வரும் படங்களை ஏற்காட்டில் பெரியம்மா வீட்டில் சொந்தக்காரர்களோடும் நண்பர்களோடும் கூடிப் பார்ப்பது எங்கள் பழக்கம். பார்த்த பிறகு எல்லோரும் எழுதுவோம். அது எங்களுக்கு எப்படிக் கைகூடியது என்பதைத்தான் இங்கே சொல்கிறேன். உதாரணத்துக்கு வார்கிராஃப்டையே எடுத்துக்கொள்கிறேன், எனக்கு மிகவும் பிடித்த உலகம் அது.

முதலில் யாரைக் கூப்பிடுவது

விளையாடியவர்களை மட்டும் கூப்பிடாதீர்கள். விளையாட்டைக் கண்ணால்கூடப் பார்க்காத ஒருவராவது கட்டாயம் இருக்க வேண்டும். எங்களுக்கு அது சித்தி. பேய்ப் படம், மாயாஜாலப் படம் எதுவானாலும் உட்கார்ந்து பார்ப்பார், புரியாததைக் கூச்சமில்லாமல் கேட்பார். இப்படி ஒருவர் கிடைத்தால் விடாதீர்கள்.

விளையாடியவர்களிலும் பல வகை இருப்பதால் யார் எதை விளையாடினார்கள் என்று முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வார்கிராஃப்டில் இது ரொம்ப முக்கியம். பிளிஸார்ட் நிறுவனம் முதல் விளையாட்டை வெளியிட்டது 1994-இல். மூன்றாவது 2002-இல் வந்தது. உலகமே ஆன்லைனில் சேர்ந்து ஆடிய ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ 2004-இல் வந்தது. நம்மூர் பிரவுசிங் சென்டர்களில் நிறையப் பேர் ஆடியது மூன்றாவதையும் அதில் இருந்து கிளைத்த டோட்டா என்ற விளையாட்டையும்தான். டங்கன் ஜோன்ஸ் எடுத்த படமோ முதல் விளையாட்டின் கதை. மனிதர்களுக்கும், தந்தம் முளைத்த ராட்சத இனமான ஓர்க்குகளுக்கும் நடந்த முதல் போர். மூன்றாவது விளையாட்டில் வரும் ஆர்தஸ் எங்கே, இல்லிடான் எங்கே என்று தேடி உட்கார்ந்தவருக்கு ஏமாற்றம்தான் மிஞ்சும். அதற்குப் படத்தைக் குறை சொல்ல முடியாது. ‘இது முதல் போரின் கதை, நீங்கள் ஆடிய ஆட்கள் பெரும்பாலும் இதில் வரமாட்டார்கள்’ என்று படம் போடுவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். இதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம்.

சித்திக்கு இதுகூடச் சொல்லத் தேவையில்லை. ‘ஒண்ணும் தெரியாம பார்த்தா அவங்களுக்கு என்ன புரியும்’ என்று அண்ணன் கேட்பான். சேலத்தில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா? ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா நிறுவனத்தின் வளைவைத் தாண்டித்தான் மலைக்குப் போகிறோம். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ அந்த நிறுவனத்தின் டி. ஆர். சுந்தரம் 1956-இல் எடுத்தது. மூலக்கதையைப் படித்துவிட்டா அன்றைக்கு ஜனங்கள் கொட்டகைக்குப் போனார்கள்? தெரியாதவருக்கும் சேர்த்துத்தான் படம் எடுக்கப்படுகிறது.

ஏற்பாடுகள்

மலையில் மழைக்காலத்தில் மரம் விழுந்தால் கரண்ட் போகும், நெட்டும் படுத்துவிடும். படத்தைக் கீழேயே லேப்டாப்பில் முறையாக இறக்கி, பேட்டரியை நிரப்பி எடுத்துப் போங்கள். ஸ்பீக்கர் அவசியம். இந்தப் படத்துக்கு ரமின் ஜவாடி போட்ட முரசு சத்தம் லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கரில் கேட்டால் பாதி படம் போன மாதிரி. சப்டைட்டில் போட்டுவிடுங்கள், பெயர்களைப் பிடித்துக்கொள்ள உதவும். தட்டுவடை செட்டுக்கு வேண்டியதைக் கீழே இருந்து வாங்கிப் போவோம். ஆனால் சட்னி வைத்து அடுக்குவதெல்லாம் படம் முடிந்த பிறகுதான். படம் ஓடும்போது தட்டுவடையைக் கடித்தால் வசனம் கேட்காது. கீழே இறங்க வேண்டியவர்கள் கடைசி பஸ் நேரத்தைப் பார்த்துப் படத்தை ஆரம்பியுங்கள். படம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல், எழுத ஒரு மணி நேரம், பேச எவ்வளவு இருந்தாலும் போதாது.

ஆளுக்கு ஒரு தாளும் பேனாவும் கொடுங்கள். போனில் எழுத வேண்டாம். போனை எடுத்தால் மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கக் கை போகும்.

பார்க்கும்போது ஒரே ஒரு சட்டம்

விளையாடியவர்கள் வாயைத் திறந்து விளக்கக் கூடாது. இதுதான் கஷ்டமான சட்டம், இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமான சட்டமும். மந்திரவாதி மெடிவ் ஏன் அப்படி நடந்துகொள்கிறான் என்று சித்தி முகம் சுளிக்கும்போது நமக்கு நாக்கு துறுதுறுக்கும். அவனுக்குள் இருப்பது எது என்று நமக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்லிவிட்டால் படம் சொல்லாமல் விட்டதை நாம் நிரப்பிக் கொடுத்தவர்களாகிறோம். அப்புறம் படத்தின் குறை வெளியே தெரியவே தெரியாது.

கேள்வி வந்தால் தாளில் எழுதச் சொல்லுங்கள். சித்தியின் தாளை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். ‘இந்தப் பச்சை மந்திரம் யாருடையது?’, ‘அந்த மின்னல் சுவருக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட பையன் லோதாரின் மகன்தானே, அவனை ஏன் முன்னாடியே சரியாகக் காட்டவில்லை?’, ‘ஆற்றில் விட்ட குழந்தை என்ன ஆச்சு?’ இரண்டாவது கேள்வியைப் பாருங்கள். மனிதர்களின் படைத்தலைவன் லோதாரின் மகன் காலன் சாகும் காட்சி படத்தின் பெரிய துக்கம். அந்தத் துக்கம் பார்ப்பவரைப் போய்ச் சேராததற்குக் காரணத்தைச் சித்தி ஒரே வரியில் சொல்லிவிட்டார். விளையாடிய எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. எங்களுக்கு லோதார் ஏற்கெனவே வேண்டியவன். அவன் அழுதால் நாங்களும் அழுதோம்.

விசில் அடிக்கலாமா? தாராளமாக. இளம் மந்திரவாதி கட்கர் ஒரு காவலனை ஆடாக மாற்றும்போதும், ஆற்றங்கரையில் மர்லாக் என்ற மீன் மாதிரிப் பிராணி தலைகாட்டும்போதும், கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட கிரிஃபின் இறக்கை விரித்துக் கிளம்பும்போதும் எங்கள் கூட்டம் கத்தும். தியேட்டர் என்றாலும் விசில் அடிக்கலாம், கை தட்டலாம். ஆனால் 2025-இல் மைன்கிராஃப்ட் படத்துக்கு அமெரிக்கத் தியேட்டர்களில் பாப்கார்னை வாரி இறைத்தார்களே, அது வேண்டாம். அடுத்த காட்சிக்குள் கூட்டிப் பெருக்க வேண்டிய அக்காவை நினைத்துப் பாருங்கள்.

முடிந்ததும்

யாரும் பேசாமல் முதலில் எழுத வேண்டும். பேச ஆரம்பித்துவிட்டால் சத்தமாகப் பேசுகிறவரின் கருத்து எல்லோர் தாளிலும் ஏறிவிடும். மதிப்பெண் தளங்களையும் அப்போது திறக்காதீர்கள். வார்கிராஃப்டுக்கு விமர்சகர்களில் மூன்றில் ஒரு பங்குகூட நல்ல வார்த்தை சொல்லவில்லை, பார்வையாளர்கள் அதைவிட எவ்வளவோ மேலாகச் சொன்னார்கள். சுமார் 16 கோடி டாலர் போட்டு எடுத்த படம் அமெரிக்காவில் 5 கோடியைக்கூடத் தொடவில்லை. சீனாவில் மட்டும் 20 கோடிக்கு மேல் வசூலித்தது, உலகம் முழுக்க 43 கோடிக்கு மேல். சீனாவில் நள்ளிரவுக் காட்சிக்கு ரசிகர்கள் ஓர்க் வேடத்தில் போய் நின்றார்கள். இந்த எண்களில் எதைப் பிடித்துக்கொண்டாலும் ஒரு கட்சியில் சேர்ந்துவிடுவீர்கள். எழுதி முடித்த பிறகு பாருங்கள், அப்போது அவை சுவாரசியமான தகவல்கள்.

எழுதும்போது நான் கடைப்பிடிப்பது இது: ஒரு காட்சி பிடித்திருந்தால், பிடித்தது காட்சியா, அடையாளம் கண்டுகொண்ட சந்தோஷமா என்று பிரித்து எழுதுவேன். ஆடு, மர்லாக், கிரிஃபின் எல்லாம் அடையாளம் கண்ட சந்தோஷம். அதை மட்டமாக நினைக்க வேண்டாம். பல வருஷம் திரையில் நாமே ஓட்டித் திரிந்த இடத்தைப் பெரிதாகப் பார்க்கும்போது நெஞ்சு நிறைகிறது, அதை அப்படியே எழுதுங்கள். ஆனால் அதையே படத்தின் தரம் என்று எழுதாதீர்கள். ஓர்க் தலைவன் டுரோடான் தன் பிறந்த குழந்தையைக் கையில் வாங்கும் காட்சி வேறு வகை. டோபி கெபெல்லின் நடிப்பைக் கணினி வழியே ஓர்க்கின் முகத்தில் ஏற்றியிருக்கிறார்கள். தந்தங்கள் நீட்டிக்கொண்டிருக்கும் அந்த முகத்தில் பயமும் பெருமையும் தெளிவாகத் தெரிகின்றன. சித்தி கண் துடைத்தது அங்கேதான். விளையாட்டு தெரியாதவரும் தெரிந்தவரும் ஒரே இடத்தில் கலங்கினால் அது படத்தின் வெற்றி. அதைத் தனியாகக் கோடிட்டு எழுதுங்கள்.

மாற்றங்களைப் பற்றி எழுதுவது

ரசிகர்களின் கோபம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ‘கதையை மாத்திட்டான்’ என்று எழுதினால் யாருக்கும் பயனில்லை. என்ன இருந்தது, என்ன ஆனது, அதனால் கதைக்கு என்ன கிடைத்தது, என்ன போனது என்று நான்கையும் சொல்லுங்கள்.

பாதி ஓர்க்கான காரோனா என்ற பெண்ணை எடுத்துக்கொள்வோம். விளையாட்டுத் தொடரின் கதையில் அவள் மந்திரக் கட்டுப்பாட்டில் இருந்தபடி, தன்னை நம்பிய மனிதர்களின் மன்னர் லேனைக் கொல்கிறாள். அழுதுகொண்டே கொல்கிறாள். அவள் கை அவள் வசம் இல்லை. படத்தில் போர்க்களத்தில் தப்ப வழியில்லாத மன்னரே தன்னைக் கொல்லும்படி அவளிடம் கேட்கிறார். தன்னைக் கொன்றவள் என்ற மரியாதை ஓர்க்குகளிடம் அவளுக்குக் கிடைக்கும், உள்ளே இருந்து அவள் சமாதானத்துக்கு வழி செய்யலாம் என்பது அவர் கணக்கு. லோதாருக்கு இது தெரியாது. அவள் துரோகம் செய்துவிட்டாள் என்றுதான் நினைக்கிறான்.

அண்ணனுக்கு இந்த மாற்றம் பிடிக்கவே இல்லை. மூலக்கதையில் இருந்த கொடூரம் போய்விட்டது, மன்னரைத் தியாகியாக்கிவிட்டார்கள் என்கிறான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எனக்கோ இந்த மாற்றம் பிடித்திருக்கிறது. மூலக்கதையில் கருவியாக மட்டும் இருந்தவள் இங்கே முடிவெடுக்கிறாள், அந்த முடிவின் பாரத்தையும் யாரிடமும் சொல்ல முடியாமல் சுமக்கிறாள். போனது கொடூரம், கிடைத்தது ஒரு பெண்ணின் முழு உருவம். எங்கள் இரண்டு பேரின் தாளையும் சேர்த்துப் படித்தால் படத்தைப் பார்க்காதவருக்கும் விஷயம் விளங்கும். சித்தியின் தாளில் அந்த இடத்தில் ‘பாவம்’ என்று ஒரே வார்த்தை.

நமக்கு இது புதிதும் இல்லை. பொன்னியின் செல்வன் இரண்டாம் பாகம் 2023-இல் வந்தபோது நாவலைப் படித்தவர்கள் கொதித்தார்களே. நாவலில் மகுடம் பிறந்தபோதே ஆள் மாறிப்போன இளவரசன் சேந்தன் அமுதனுக்குப் போகிறது, படத்தில் மதுராந்தகனுக்கே போகிறது. அன்றைக்கு ‘கல்கியைக் கெடுத்துட்டாங்க’ என்று எழுதியவர்களைவிட, அந்த ஆள்மாறாட்டக் கதையை எடுத்துவிட்டதால் முடிவில் என்ன குறைகிறது என்று விளக்கியவர்களின் எழுத்துதான் என் மனதில் நிற்கிறது.

குறை சொல்லும்போது விரலை வைத்துக் காட்டுங்கள். 2019 ஏப்ரலில், நீல முள்ளெலி நாயகனாக வரும் சோனிக் விளையாட்டிலிருந்து எடுத்த படத்தின் டிரெய்லர் வந்தபோது ரசிகர்கள் பல்லைச் சொன்னார்கள், கண்ணைச் சொன்னார்கள், உடல்வாகைச் சொன்னார்கள். சில நாட்களிலேயே உருவத்தை மாற்றுவதாக இயக்குநர் அறிவித்தார். வெளியீட்டை நவம்பரிலிருந்து அடுத்த பிப்ரவரிக்குத் தள்ளி, உருவத்தை மாற்றித்தான் வெளியிட்டார்கள். ‘கேவலமா இருக்கு’ என்று மட்டும் ஆயிரம் பேர் கத்தியிருந்தால் எதை மாற்றுவது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? வரைந்தவர்களும் மனிதர்கள்தான். திட்டாமலேயே இத்தனையும் சொல்ல முடியும்.

பிறகு பேசுங்கள். விளையாடாதவரைத்தான் முதலில் படிக்கச் சொல்ல வேண்டும். கதை அதிகம் தெரிந்தவர் கடைசியில் படிக்கட்டும். ‘உனக்கு என்ன தெரியும்’ என்று யாராவது ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள். எங்கள் வீட்டில் இதைப் பெரியம்மாவே செய்துவிடுவார். சித்தியின் கேள்விகளுக்கு இப்போது பதில் சொல்லலாம். ஆற்றில் விட்ட குழந்தைதான் பின்னாளில் ஓர்க்குகளுக்குத் தலைவனாகும் த்ரால் என்று அண்ணன் சொன்னபோது, சித்தி அடுத்த பாகத்தைப் போடச் சொன்னார். அடுத்த பாகம் வரவில்லை. அந்த வருத்தத்தையும் தாளில் எழுதினோம், ஏனென்றால் படத்தின் கடைசிக் காட்சிகள் பாதிக்கு மேல் வராத பாகத்தை நம்பி எழுதப்பட்டவை.

எழுதியதை வாட்ஸப் குழுவில் போடும்போது முதல் வரியில் இரண்டு விஷயங்கள் இருக்கட்டும்: நீங்கள் எந்த விளையாட்டை ஆடியவர், கீழே முடிவைச் சொல்லியிருக்கிறீர்களா இல்லையா. மன்னர் சாவதை நான் எழுதிய மாதிரி எழுதினால், பார்க்காதவர்கள் அங்கேயே நிறுத்திக்கொள்ள வழி வேண்டும். தாளைப் போட்டோ எடுத்துப் போட்டாலும் போதும், ஆனால் எழுத்து புரிகிற மாதிரி எடுங்கள். விளையாடாதவரின் தாளையும் கட்டாயம் சேர்த்துப் போடுங்கள், அவர் சம்மதத்தோடு.