மருந்துக் கொம்பையும் வேட்டைப் பையையும் மாட்டுவதில் செய்யும் தவறுகள்

குழல் வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் போட்டுக் கெட்டிக்கிற பழைய பாணித் துப்பாக்கியோடு மான் வேட்டைக்குப் போகிறவர்கள் அமெரிக்காவில் இன்றும் நிறையப் பேர். பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு ஃப்ளின்ட்லாக்குக்கென்றே ஒரு மான் சீசன் வரும், 1974-இல் ஆரம்பித்த வழக்கம் அது. சிக்கிமுக்கிக் கல் உருக்கில் உரசி, அந்தப் பொறியில் மருந்து பற்றிக்கொள்கிற துப்பாக்கி. (இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு அப்புறம் இந்தப் பேச்சுக்கே இடமில்லை, அதனால் இது அமெரிக்காவில் லைசென்ஸ் எடுத்துக் காட்டுக்குப் போகிறவர்களுக்கு.) புதிதாக வருகிறவர்கள் துப்பாக்கி வாங்க ஆறு மாதம் யோசிப்பார்கள், மருந்து வைக்கும் மாட்டுக் கொம்பையும் தோல் பையையும் மட்டும் கைக்கு வந்தபடி மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். காட்டில் பாதித் தொல்லை அந்த இரண்டில்தான் வரும்.

எல்லாவற்றுக்கும் மேலான தவறு, வாரை நீளமாக விடுவது. சினிமாவில் வருகிற வேட்டைக்காரனுக்குப் பை இடுப்புக்குக் கீழே தொடையில் தட்டிக்கொண்டு தொங்கும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அப்படி மாட்டிக்கொண்டு விழுந்து கிடக்கிற மரத்தைத் தாண்டிப் பாருங்கள், அல்லது மான் தடம் பார்க்க ஒருமுறை குனியுங்கள். பை முன்னால் ஆடி வந்து விழும், கொம்பு துப்பாக்கிக் குழலில் போய் 'டொக்' என்று மோதும். இலையுதிர்ந்த டிசம்பர் காட்டில் அந்த ஒரு சத்தம் போதும், மான் போய்விடும். பை விலாவை ஒட்டி, அக்குளுக்குக் கொஞ்சம் கீழே இருக்க வேண்டும். முழங்கையை மடக்கி உடம்போடு சேர்த்தால் பை அதற்குள் அடங்கிவிட வேண்டும், அதுதான் அளவு. முதலில் கொஞ்சம் இறுக்கமாக, ஏதோ சின்னப் பையன் பையை மாட்டிக்கொண்ட மாதிரி தோன்றும். பரவாயில்லை. ஓடினாலும் குனிந்தாலும் அது ஆடாது, முழங்கையால் ஒரு அழுத்து அழுத்திக்கொண்டு புதருக்குள் நுழையலாம்.

வார் நீளத்தை வீட்டில் பனியனோடு நின்று அளக்காதீர்கள். குளிருக்குப் போடும் கனமான கோட்டு எதுவோ அதைப் போட்டுக்கொண்டு அளக்க வேண்டும், இல்லையென்றால் சீசன் அன்று காலையில் பை கழுத்துக்கு ஏறிவிடும். ஆடுகிற ஆட்டத்தை இன்னும் குறைக்க, வாருக்கு மேலேயே இடுப்பு பெல்ட்டைக் கட்டிக்கொள்கிறவர்களும் உண்டு.

எந்தத் தோளில் மாட்டுவது? வலது கைக்காரர் என்றால் வார் இடது தோளில், பை வலது பக்கம். காரணம் எளிது: துப்பாக்கிக் கட்டை வந்து உட்கார வேண்டிய இடம் வலது தோளின் குழி. அங்கே ஒரு வாரோ, அதைவிட மோசமாக ஒரு பித்தளை பக்கிளோ இருந்தால் கட்டை சரியாகப் படியாது, சுடும்போது உதை அந்த பக்கிள் வழியாக எலும்புக்கு வரும். கொம்பை மட்டும் இடது பக்கம் தொங்கவிடும் பழக்கமும் சிலருக்கு இருக்கிறது. கெட்டிக்கும்போது இரண்டு கைக்கும் வேலை பிரிந்து கிடைக்கிறது என்பார்கள், உண்மைதான். ஆனால் அப்போது கொம்பின் வார் வலது தோளில் குறுக்கே வரும், ஆகவே அதை மெல்லிய வாராக, கழுத்தை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே பக்கம், கொம்பு பைக்கு மேலாக இருப்பதுதான் நல்லது. இரண்டுக்கும் தனித்தனி வார் என்றால் முதலில் பை, அப்புறம் கொம்பு. மாற்றி மாட்டினால் ஒவ்வொரு முறையும் கொம்பைப் பையின் அடியிலிருந்து உருவ வேண்டியிருக்கும்.

கொம்பு வாங்கும்போது வளைவைப் பார்க்காமல் வாங்குகிறார்கள். மாட்டின் இடக் கொம்பும் வலக் கொம்பும் ஒன்றுக்கொன்று எதிர்ப்பக்கமாகத் திருகியிருக்கும். உங்கள் உடம்பின் வளைவோடு படிந்து, நுனி முன்னோக்கி மேலே பார்க்கிற மாதிரி நிற்கிற கொம்புதான் உங்கள் பக்கத்துக்கானது. மற்றது வெளியே துருத்திக்கொண்டு கிளை கிளையாக மாட்டும். நுனி கீழே பார்க்கிற மாதிரி தொங்கினால், அடைப்பான் கழன்ற அன்று மருந்து முழுக்க வழியெங்கும் கொட்டிக்கொண்டே போகும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. அடைப்பானை ஒரு சின்னத் தோல் கயிற்றால் கொம்போடு கட்டிவையுங்கள். மழை நாளில் அதில் கொஞ்சம் தேன்மெழுகு தடவிச் செருகி, கொம்பைக் கோட்டுக்குள் தள்ளிவிடுங்கள். கொம்பின் சுவர் வழியாகத் தண்ணீர் இறங்காது, வாய் வழியாகத்தான் இறங்கும்.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. கொம்பிலிருந்து நேராகக் குழலுக்குள் மருந்தைக் கொட்டவே கூடாது. முதல் குண்டு சுட்ட பிறகு குழலின் அடியில் ஒரு கங்கு மிச்சமிருக்கலாம். அளவைக் குப்பியில் இருக்கும் எண்பது கிரெயின் (சுமார் ஐந்து கிராம்) பற்றினாலே கை பொத்துப்போகும், அரை பவுண்டு கொம்பில் இருப்பதோ 3,500 கிரெயின், அது கையில் பிடித்திருக்கிற வெடிகுண்டு. அடைப்பானைப் பல்லால் பிடுங்கி, அளவையில் ஊற்றி, அடைப்பானைத் திரும்பச் செருகி, கொம்பைக் கையிலிருந்து விட்டு, அப்புறம்தான் அளவையிலிருந்து குழலுக்கு. அவசரத்தில் எல்லோரும் விடுவது அந்த மூன்றாவது படியைத்தான். மான் அடிபட்டு ஓடுகிறது, இரண்டாவது குண்டு போட வேண்டும், கொம்பு திறந்தபடி தொங்குகிறது. ஃப்ளின்ட்லாக்கில் பற்றுத்துளையிலிருந்து, அதாவது குழலுக்குள் நெருப்பு போகிற சின்னத் துளையிலிருந்து, நெருப்பு பக்கவாட்டில் சீறும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் நிற்கிற நண்பரின் கொம்பும் மூடியிருக்க வேண்டும்.

ஒரு நாள் வேட்டைக்கு அரை பவுண்டு மருந்து எதற்கு? எண்பது கிரெயின் வீதம் பத்து முறை சுட்டாலும் 800 கிரெயின், சுமார் 52 கிராம். சின்னக் கொம்பு ஒன்று போதும். பற்றுத்தட்டில், அதாவது துளைக்கு வெளியே பொறி விழுகிற சின்னத் தட்டில், போடுவதற்கு நைசான மருந்தைத் தனிக் குட்டிக் கொம்பில் வைப்பார்கள், அந்தச் சுமையும் வேண்டாம் என்று குழலுக்குப் போடும் மருந்தையே தட்டிலும் போடுகிறவர்கள் பலர், துப்பாக்கி நன்றாகவே வெடிக்கிறது.

பைக்குள் என்ன வைப்பது என்பதில் அளவுக்கு மீறுவது தனிக் கதை. ஐம்பது காலிபர் (அரை அங்குலக் குழல்) ஈயக் குண்டு ஒன்று ஏறக்குறைய 177 கிரெயின், இருபது போட்டால் கால் கிலோவுக்குப் பக்கம். ஆறு, எட்டு போதும், அதுவும் சின்னத் தோல் சுருக்குப் பையில், இல்லையென்றால் நடக்க நடக்கக் கோலி உருளுகிற மாதிரி சத்தம் கேட்கும். பித்தளை அளவையும் பற்றுத்துளையைக் குத்திச் சுத்தம் செய்யும் ஊசியும் வாரில் தொங்கி ஒன்றோடொன்று மோதும், அளவையை மான் கொம்பில் செய்துகொண்டால் அந்தக் கிணுகிணுப்பு அடங்கும்.

குண்டைச் சுற்றிக் கெட்டிக்கிற, கொழுப்பு தடவிய துணித் துண்டுகளையும் உபரி சிக்கிமுக்கிக் கல்லையும் ஒன்றாகப் போட்டுவைப்பவர்கள் கல்லை மாற்றிவிட்டு, பொறியே வரவில்லையே என்று துப்பாக்கியைத் திட்டுவார்கள். கல்லின் விளிம்பில் விரலை வைத்துப் பாருங்கள், வழுக்கும். எண்ணெய்ப் பசை பட்ட கல் பொறி தராது. துணிகளைத் தகர டப்பியில் அடைத்து, கல்லைத் தனித் தோலில் சுற்றிவைத்தால் தீர்ந்தது.

கண்ணை மூடிக்கொண்டு பைக்குள் கைவிட்டு, கேட்ட சாமானை எடுக்க முடிகிறதா என்று சீசனுக்கு முன்பே வீட்டில், மருந்து இல்லாமல், கையுறையோடு பழகுங்கள். பை ஆழமாக இருந்தால் முடியாது. விரித்த கையளவுக்குக் கொஞ்சம் பெரிய பை போதும்.

மரத்தின் மேல் பரண் கட்டி உட்காருகிறவர்கள் பையையும் கொம்பையும் போட்டுக்கொண்டே ஏறி, பாதுகாப்பு வாரோடு சிக்கிக்கொண்டு தவிப்பதுண்டு. பாதுகாப்பு வாரை மாட்டிக்கொண்டு, வெறும் கையோடு ஏறி, அப்புறம் கயிறு விட்டு எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கித் தட்டில் மருந்து இல்லாமல், குழல் கீழே பார்த்தபடி வர வேண்டும்.

வீடு திரும்பியதும் மிச்ச மருந்தைக் கம்பெனி டப்பாவுக்கே மாற்றிவிட்டு, கொம்பைத் துடைத்துக் காய வைத்து மூடிய அலமாரியில் வையுங்கள். கம்பளித் துணியை அரிக்கிற வண்டுப் புழு கொம்பையும் தின்னும், பழைய கொம்புகளில் தெரிகிற பொடிப் பொடிக் குழிகள் பெரும்பாலும் அதன் வேலை.