மீன் தின்னும் பறவைகளும் மீன்பண்ணையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகப் பண்ணை தொடங்குகிறவர்கள், முன்பு நாங்கள் இடறிய அதே இடங்களில்தான் இடறுகிறார்கள். பாதுகாக்கப்பட்ட பறவையைச் சுடக் கூடாது, விஷம் வைக்கக் கூடாது என்பதெல்லாம் தெரிந்த விஷயம். தெரியாமல் செய்கிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

தலையை எண்ணிப் பெருக்குவது

பெரிய நீர்க்காகம் ஒன்று நாளைக்கு ஏறக்குறைய அரைக் கிலோ மீன் தின்னும். தகவல் சரிதான். ஆனால் கரை மரத்தில் உட்கார்ந்திருக்கும் பறவைகளை எண்ணி, அதை அரைக் கிலோவாலும் நாட்களாலும் மீன் விலையாலும் பெருக்கி, "இதுதான் என் நஷ்டம்" என்று நீட்டுகிறார்களே, அந்தக் காகிதத்தைப் பார்த்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது.

மரத்தில் அடையும் பறவை அந்தக் குளத்தில்தான் மேய்கிறது என்பதற்கு என்ன ஆதாரம்? நீர்க்காகம் இரைக்காகப் பல கிலோமீட்டர் பறக்கும். அங்கேயே பிடித்தாலும், தின்றது நீங்கள் விட்ட இனமா, தானாக வந்து சேர்ந்த களைமீனா? நோயிலும் நெரிசலிலும் எப்படியும் செத்திருக்கக்கூடிய குஞ்சுகளும் அதில் உண்டு. இன்னொரு பக்கம், தப்பிய மீனின் அலகுக் காயம், அதில் பிடிக்கும் பூஞ்சை, பயந்துபோய்த் தீவனத்துக்கு வராமல் இளைப்பது, இவை எதுவும் அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

ஒருவர் இப்படித்தான் பெரிய தொகை எழுதி விண்ணப்பித்தார். அதிகாரி கேட்டது இரண்டே கேள்வி: எத்தனை குஞ்சு விட்டீர்கள், எத்தனை மீன் எடுத்தீர்கள்? பதிவேடே இல்லை. விண்ணப்பம் தள்ளுபடி. அவர் குளத்தில் காயம்பட்ட மீன்கள் நிறைய இருந்தன. உண்மையான நஷ்டம் அதுதான். அதை யாரும் எண்ணி வைக்கவில்லை.

சட்டம் கேட்பதும் ஆதாரத்தைத்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் பறவைப் பாதுகாப்புச் சட்டத்திலிருந்து விலக்கு வேண்டுமென்றால் மீன்வளத்துக்குக் கடுமையான சேதம் வரும் என்பதையும், வேறு திருப்தியான வழி இல்லை என்பதையும் காட்ட வேண்டும். அமெரிக்காவில் நீர்க்காகங்களைக் கொல்ல மீன்பண்ணைகளுக்கு 1998 முதல் இருந்த பொது அனுமதியை, மாற்று வழிகள் சரியாக ஆராயப்படவில்லை என்று 2016-இல் நீதிமன்றம் ரத்து செய்தது.

எனவே, விடியற்காலையில் குளத்தில் இறங்கி மேயும் பறவைகளை எண்ணுங்கள், தொடர்ந்து பல நாள். விட்டது, செத்தது, எடுத்தது மூன்றையும் எழுதுங்கள். மாதிரி வலை இழுக்கும்போது காயமுள்ள மீன்களைத் தனியாகக் குறியுங்கள். முடிந்தால் ஒரு குளத்தைப் பறவை இறங்காதபடி வலையால் மூடி, அதே அளவு குஞ்சு விட்ட இன்னொன்றைத் திறந்து வைத்து அறுவடையை ஒப்பிடுங்கள். இதைவிடப் பலமான ஆதாரம் பண்ணையில் கிடைக்காது.

வெடிச்சத்தத்தை மட்டும் நம்புவது

ஒரே இடத்தில், ஒரே இடைவெளியில் வெடிக்கும் கருவிக்குப் பறவைகள் சீக்கிரமே பழகிவிடும். இடத்தையும் நேரத்தையும் மாற்றுங்கள், ஆள் நடமாட்டமும் இருக்கட்டும். முக்கியமாக, கூட்டம் பழகுவதற்கு முன்பே, முதல் சில பறவைகள் வரும்போதே விரட்டத் தொடங்குங்கள்.

தொய்வான மெல்லிய நைலான் வலை

வேண்டாம். பறவை சிக்கிச் செத்தால் வழக்கு உங்கள் மேல்தான்.

கூடுகளைக் கலைப்பது

ஒரு மரத்தில் இருந்த கூட்டம் பிரிந்து நாலு இடத்தில் குடியேறும். அனுமதியில்லாமல் செய்தால் அது குற்றமும்கூட.

எல்லாப் பறவைக்கும் ஒரே தடுப்பு

நாரை கரையோரம் நடந்து வந்து பிடிக்கும். செங்குத்தான கரையும் ஆழமான ஓரமும் அதைத் தடுக்கும். நீர்க்காகம் நடுக்குளத்தில் முங்கும். அது இறங்கவும் எழும்பவும் இடம் வேண்டும் என்பதால், கண்ணுக்குத் தெரியும் கம்பிகளைக் குளத்தின் குறுக்கே இறுக்கமாகக் கட்டுங்கள்.

வலசைக் காலத்தில் சின்னக் குஞ்சு விடுவது

பறவைகள் போன பிறகு விடுங்கள். காத்திருக்க முடியாதென்றால், ஆள் நடமாட்டம் அதிகமுள்ள குளத்தில் வலைக்குக் கீழே வளர்த்து, பெரிதானதும் மாற்றுங்கள்.