மெஷர் தியரி எனக்கு வழிக்கு வந்த கதை

எம்.எஸ்சி. படிக்கும்போது மெஷர் தியரி (நீளம், பரப்பு போன்ற அளவுகளைப் பற்றிய கணிதப் பிரிவு) உள்தேர்வில் 50க்கு 11 வாங்கினேன். இத்தனைக்கும் தேற்றங்கள் எல்லாம் மனப்பாடம். லெபெக்கின் டாமினேட்டட் கன்வர்ஜன்ஸ் தேற்றத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்: சார்புகள் ஒரு எல்லைச் சார்பை நெருங்கும்போது, அவை எல்லாவற்றுக்கும் மேலே முடிவுள்ள பரப்போடு ஒரே மேல்சார்பு இருந்தால், அவற்றின் தொகையீடுகளும் (கோட்டுக்குக் கீழுள்ள பரப்பு) எல்லைச் சார்பின் தொகையீட்டை நெருங்கும். "அதில் அந்த மேல்சார்பு எதுக்குடி?" என்று சீனியர் அக்கா கேட்டதும் வாயடைத்துப் போனேன்.

அவரே ஒரு படம் போட்டார். 0 முதல் 1/n வரை உயரம் n, மற்ற இடத்தில் 0. n கூடக் கூடச் செவ்வகம் ஒல்லியாகி வளர்கிறது. பரப்பு மட்டும் எப்போதும் 1. ஆனால் 0 தவிர எந்தப் புள்ளியில் நின்று பார்த்தாலும் கடைசியில் 0தான். ஆக, எல்லைச் சார்பின் தொகையீடு 0, தொகையீடுகளின் எல்லை 1. எல்லாச் செவ்வகங்களுக்கும் மேலே கூரை போட்டால் அது ஏறக்குறைய 1/x. அதன் பரப்போ முடிவிலி. தேற்றம் கேட்கும் கூரை இங்கே இல்லை!

அன்றிலிருந்து தனி நோட்டு. ஒரு தேற்றம், அதில் ஒரு நிபந்தனையைக் கழற்றிவிடுவது, அப்புறம் அதை உடைக்கும் சார்பைத் தேடுவது. மெஷரில் ஒருங்கியும் (அதாவது, எல்லையிலிருந்து விலகும் இடத்தின் நீளம் 0-ஐ நெருங்கியும்) ஒரு புள்ளியில்கூட ஒருங்காத சார்புத் தொடர்வரிசைக்கு இரண்டு நாள் ஆனது: [0,1] முழுவதும், பிறகு இரு பாதிகள், பிறகு நான்கு கால்கள் என்று உயரம் 1 உள்ள பட்டை நகர்ந்துகொண்டே இருக்கும். நிரூபணத்தை அதற்கப்புறம்தான் படிப்பேன்.

நீளமே சொல்ல முடியாத விட்டாலி கணத்துக்கு மட்டும் பக்கம் காலி. சாய்ஸ் ஆக்சியம் (எத்தனை கணங்கள் இருந்தாலும், விதி எதுவும் சொல்லாமலே ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு உறுப்பை எடுக்கலாம் என்ற கொள்கை) இல்லாமல் அதைக் கட்ட முடியாதாம். சரி, நான் எங்கே படம் போட?