சின்ன ஊர்ல காமெடி ஷோ போடுறது எப்படி? மொத தடவை பண்றவங்களுக்கு

மன்னார்குடி, நீடாமங்கலம், பாபநாசம் பக்கம் ஸ்டாண்டப், அதாவது தனி ஆளா மேடைல நின்னு பேசி சிரிக்க வைக்கறது, பண்ணணும்னு ஆசைப்படுற பசங்க நெறைய பேரு யூட்யூப்ல சென்னை ஷோவ பாத்துட்டு அப்படியே ஆரம்பிக்கிறாங்க, இங்க அது ஒத்துவராது. அங்க இன்னிக்கு கேட்டவங்க நாளைக்கு வரமாட்டாங்க, ஒரே பத்து நிமிஷத்த வருஷம் பூரா ஓட்டலாம். இங்க போன மாசம் வந்த அதே அம்பது பேருதான் இந்த மாசமும், அதுல பாதி பேரு உங்க அப்பாவுக்கு தெரிஞ்சவங்க. அத வச்சுத்தான் எல்லாத்தையும் திட்டம் போடணும்.

படி 1: அஞ்சு நிமிஷம் மட்டும் எழுதுங்க

அரை மணி நேரம் வேணாம். அஞ்சு நிமிஷம் நல்லா வந்தா போதும். எழுதறப்ப ரொம்ப முக்கியமான ஒண்ணு, சிரிப்பு வரவேண்டிய வார்த்தை கடைசில வரணும். தமிழ்ல வினைச்சொல் கடைசில போய் ஒக்காந்துக்கும், அதனால நாம பாட்டுக்கு எழுதினா சிரிப்பு வார்த்தை நடுவுல மாட்டிக்கும். உதாரணத்துக்கு, "மேட்டூர்ல ஜூன் 12 தண்ணி தொறந்தா வாட்ஸ்அப்ல அன்னிக்கே எங்க கடைமடைக்கு வந்துடும்"னு சொல்லிப் பாருங்க, ஒண்ணும் ஆகாது. இப்ப மாத்தி, "மேட்டூர்ல ஜூன் 12 தண்ணி தொறந்தா அன்னிக்கே எங்க கடைமடைக்கு வந்துடும்..." கொஞ்சம் நிறுத்தி, "வாட்ஸ்அப்ல." அதே வார்த்தைங்கதான், எடம் மட்டும்தான் மாறிருக்கு. பேச்சுத்தமிழ்ல இப்படி ஒரு வார்த்தைய பின்னாடி தூக்கிப் போடலாம்ங்கறது நமக்கு கெடச்ச பெரிய வசதி, அத விட்டுடாதீங்க. எழுதினத வாய்விட்டு சொல்லி போன்ல ரெக்கார்ட் பண்ணி கேளுங்க, எங்க இழுக்குதுன்னு காதுக்கே தெரிஞ்சிடும்.

படி 2: யாரப்பத்தி பேசக்கூடாதுன்னு முடிவு பண்ணுங்க

ஜாதி வேணாம், யார் வீட்டு சண்டையும் வேணாம், ஒடம்ப கிண்டல் பண்றதும் வேணாம். "பேரு சொல்லலியே"ங்கறது சின்ன ஊர்ல செல்லாது. நான் ஆரம்பத்துல ஒருத்தரோட பழக்கத்த பேரு இல்லாம சொன்னேன், எல்லாருக்கும் யாருன்னு புரிஞ்சு பயங்கர சிரிப்பு, அவரு வீட்டம்மா மூணாவது வரிசைல ஒக்காந்திருந்தாங்க. மறுநாள் போய் மன்னிப்பு கேட்டேன், ஆனா அவங்க அப்புறம் ஷோவுக்கு வரவே இல்ல, அது இன்னும் எனக்கு வருத்தம்தான். பொதுவா எல்லாரும் படுற பாடு ஆயிரம் இருக்கு: டவுன் பஸ், நெல் கொள்முதல் நிலையத்துல மூட்டையோட காத்துக் கெடக்கறது, கல்யாணப் பந்தில எடம் புடிக்கறது. அத எடுங்க.

படி 3: தேதி

இதுலதான் நெறைய பேரு கோட்ட விடுறாங்க. முகூர்த்த நாள்ல வச்சா மண்டபமும் கெடைக்காது, ஆளும் வராது. அறுவடை நேரத்துலயும் வேணாம். ஐப்பசி கார்த்திகைல மழை, தெறந்த வெளிய நினைக்கவே வேணாம். ஆடில கல்யாணம் இல்ல, சின்ன மண்டபமெல்லாம் சும்மா கெடக்கும், அப்ப போய் கேட்டா வாடகைய கொறச்சுப் பேசலாம். ஆறரைக்கு ஆரம்பிச்சு எட்டுக்கு முடிங்க, கடைசி டவுன் பஸ் நேரத்த விசாரிச்சுட்டு அதுக்கு ஏத்த மாதிரி. 2021லேர்ந்து சாதாரண டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் கெடையாது, பஸ் ஸ்டாண்ட் பக்கம் எடம் புடிச்சீங்கன்னா சுத்துப்பட்டு ஊர்லேர்ந்து அவங்களும் தைரியமா வருவாங்க.

படி 4: மைக் செட்

கூம்பு ஸ்பீக்கர் வேணாம்னு மொதல்லயே சொல்லிடுங்க, அது தூரத்துக்கு கேக்கும் ஆனா வார்த்தை தெளிவா இருக்காது, காமெடிக்கு வார்த்தைதான் எல்லாம். ரெண்டு பாக்ஸ் போதும், உங்களுக்கு முன்னாடி, ஜனங்கள பாத்த மாதிரி. பாக்ஸ் உங்க பின்னாடி இருந்தா மைக் கூவ ஆரம்பிச்சிடும். மைக் தலைய கையால மூடிப் புடிக்காதீங்க. போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்து பெர்மிஷன் வாங்கிடுங்க, ராத்திரி 10 மணிக்கு மேல தெறந்த வெளில ஒலிபெருக்கி கூடாது.

படி 5: ஆள் சேக்கறது

ஃபிளெக்ஸ்ல காச கொட்டாதீங்க. பேப்பர் ஏஜென்ட்கிட்ட சின்ன நோட்டீஸ் குடுத்தா காலைல பேப்பருக்குள்ள வச்சு வீட்டுக்கே போயிடும். நோட்டீஸ்ல முன்னிலை, வாழ்த்துரைன்னு யார் பேரும் போடாதீங்க, ஒருத்தர் பேர போட்டா விட்டுப்போன பத்து பேருக்கு கோவம். முப்பது செகண்ட் வீடியோ ஒண்ணு எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல வைங்க, ஃபிரெண்ட்ஸையும் வைக்கச் சொல்லுங்க. டீக்கடைல நேர்ல போய் "அண்ணே, சனிக்கெழம வாங்க"ன்னு கூப்பிடுறதுக்கு ஈடு எதுவும் இல்ல, நேர்ல கூப்பிட்டா நம்ம ஊர்ல மதிச்சு வருவாங்க. அம்பது ரூவா டிக்கெட் வைங்க, சும்மா விட்டா பாதில எந்திரிச்சுப் போறது சகஜம்.

படி 6: மேடை

மொதல்ல ஒருத்தர் ஏறி கூட்டத்த அமைதிப்படுத்தணும். பாபநாசம் பக்கத்துல மெலட்டூர் பாகவத மேளா நாட்டிய நாடகத்துல கோணங்கிங்கற கோமாளி மொதல்ல வந்து குதிச்சு ஆடி கூட்டத்த தன் பக்கம் திருப்புவாரே, அந்த வேலைதான் இது. அதுக்கு கூச்சமில்லாத ஆளா பாத்து விடுங்க. கூட்டத்துலேர்ந்து "நீ யார் வீட்டு புள்ளப்பா?"ன்னு கேப்பாங்க, அத எடைஞ்சலா நெனைக்காதீங்க, நின்னு பதில் சொல்லிட்டு தொடருங்க, உங்கமேல அக்கறை இருக்கப் போய்தான் கேக்கறாங்க. சிரிப்பு முடியறதுக்குள்ள அடுத்த வரிய ஆரம்பிக்காதீங்க.

அதே அஞ்சு நிமிஷத்த திரும்ப அதே ஊர்ல பண்ண முடியாது, ஆனா திருவாரூர், கும்பகோணம், தஞ்சாவூர்னு தூக்கிட்டுப் போகலாம், எல்லாம் பஸ் தூரம்தான். அங்கங்க ஒரு ஃபிரெண்ட் புடிச்சு வைங்க, நீங்க அவர் ஊருக்கு, அவர் உங்க ஊருக்கு. அடுத்த ஷோ தேதிய மட்டும் மைக்க கீழ வைக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, கூட்டம் செருப்பு தேட ஆரம்பிச்சா அப்புறம் யாரும் கேக்கமாட்டாங்க.