இளம் வயதில் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்: எதைக் கேட்பது, எப்போது கேட்பது

சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு வரும் நோய். நாற்பது வயதுக்கு உட்பட்டவர்களிடம் அரிதாகவே காணப்படுகிறது. சிறுநீர்ப்பாதை நோய்களுக்கான யூராலஜி பிரிவின் வாசலில் ஃபைலோடு உட்கார்ந்திருக்கும் முப்பது வயதுக்காரரைப் பார்த்து, "அப்பாவைக் கூட்டி வந்தீர்களா?" என்று பக்கத்து இருக்கைக்காரர் கேட்பது இதனால்தான். சிகிச்சை முறையில் வயதால் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் திருமணம், குழந்தை, வேலை, பல பத்தாண்டுகள் நீளக்கூடிய கண்காணிப்பு ஆகியவை முதிய நோயாளிகளிடம் அதிகம் எழாத கேள்விகள் என்பதால், மருத்துவர் தாமாக அவற்றைத் தொடாமலே போகக்கூடும். நோயாளியே கேட்டுவிட வேண்டும். அவற்றுள் சிலவற்றைச் சிகிச்சை தொடங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை.

வலியின்றிச் சிறுநீரில் இரத்தம் போவதே இந்நோயின் முதன்மையான அறிகுறி. ஒரு நாள் சிவப்பாகப் போய், பிறகு பல வாரங்கள் தெளிவாக இருந்து, மீண்டும் சிவக்கலாம். இடையில் நின்றதால் குணமாகிவிட்டது என்று கொள்ளக் கூடாது. இளையவர் என்றால் வீட்டில் உடம்புச் சூடு என்று இளநீரும், கல்லடைப்பு என்று வாழைத்தண்டுச் சாறும், மருந்துக்கடையில் நீர்த்தொற்று என்று ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்து மாதங்கள் ஓடிவிடுகின்றன. பெண்களாக இருந்தால் மாதவிடாய்க் கணக்கில் எழுதப்பட்டு இன்னும் தாமதமாகிறது. (முந்தைய நாள் பீட்ரூட் சாப்பிட்டிருந்தால் மட்டும் ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம்.) சிறுநீர் கல்ச்சர் பரிசோதனையில் கிருமி வளரவில்லை என்றாலோ, மருந்து முடிந்தும் இரத்தம் தொடர்ந்தாலோ யூராலஜிஸ்டிடம் போய்விட வேண்டும். அல்ட்ராசவுண்டு ஸ்கேன் மிகச் சிறிய கட்டிகளையும், தட்டையாகப் படர்ந்திருக்கும் புற்றையும் தவறவிடக்கூடும் என்பதால், "ஸ்கேன் நார்மல்" என்ற சொல்லோடு திரும்பிவிடாமல், சிஸ்டோஸ்கோப்பி தேவையா என்று நேரடியாகக் கேளுங்கள்.

சிஸ்டோஸ்கோப்பி என்பது கேமரா பொருத்திய மெல்லிய குழாயைச் சிறுநீர்த் துவாரத்தின் வழியே பைக்குள் செலுத்திப் பார்ப்பது. வளையும் குழாயாக இருந்தால், மரத்துப்போகச் செய்யும் ஜெல்லியைத் தடவிச் சில நிமிடங்கள் காத்திருந்து, நோயாளி விழித்திருக்கும்போதே செய்துவிடலாம். விறைப்பான குழாய் என்றால் ஆண்களுக்குப் பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்கிறார்கள். எந்தக் குழாய் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் தேவையற்ற பயம் குறையும். திரையில், வெளிர் இளஞ்சிவப்பான பைச்சுவரிலிருந்து காலிஃபிளவர் பூவைப் போல் ஒரு கட்டி நீரில் அசைந்துகொண்டிருப்பதை நோயாளியே பார்க்க நேரலாம். பார்ப்பதா, கண்ணை மூடிக்கொள்வதா என்பது அவரவர் விருப்பம். பரிசோதனைக்குப் பின் ஓரிரு நாள் எரிச்சலும் சற்றே சிவந்த நீரும் இயல்பு. காய்ச்சலோ நீரடைப்போ இயல்பன்று.

அடுத்தது, அதே வழியாகக் கட்டியைச் சுரண்டி எடுக்கும் டி.யூ.ஆர்.பி.டி. அறுவை சிகிச்சை. இது சிகிச்சை மட்டுமல்ல, நோயின் நிலையைத் தீர்மானிக்கும் பரிசோதனையும்கூட. எடுத்த துணுக்கை நுண்ணோக்கியில் பார்த்துத் தரும் பயாப்ஸி அறிக்கையைப் போல் முக்கியமான காகிதம் இந்நோயில் வேறில்லை. அதில் மூன்றைத் தேடுங்கள். கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பது முதலாவது: டி.ஏ. என்றால் உட்பூச்சோடு நின்றிருக்கிறது. டி1 என்றால் அதற்குக் கீழுள்ள அடுக்கைத் தொட்டிருக்கிறது. டி2 என்றால் தசைக்குள் புகுந்திருக்கிறது. மெதுவாக வளரும் லோ கிரேடா, வேகமாக வளர்ந்து பரவக்கூடிய ஹை கிரேடா என்பது இரண்டாவது. மூன்றாவதைத்தான் பலரும் கவனிப்பதில்லை: எடுத்த துணுக்கில் பைச்சுவரின் தசை இருந்ததா? துணுக்கில் தசையே வரவில்லை என்றால், தசைக்குள் நோய் போகவில்லை என்று அந்த அறிக்கையை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஹை கிரேடு, டி1 அல்லது தசை கிடைக்காத நிலைகளில், சில வாரங்களுக்குள் இரண்டாம் முறை சுரண்டிப் பார்ப்பது வழக்கம். அது முதல் முறை சரியாகச் செய்யவில்லை என்பதற்கான அடையாளம் அன்று. இளம் வயதினருக்குக் கண்டறியப்படுபவற்றில் பல, டி.ஏ. நிலையிலுள்ள லோ கிரேடு கட்டிகளே. அவை திரும்பி வரும் இயல்புடையவை, ஆனால் ஆழமாக ஊடுருவுவது அரிது.

நடுத்தர, அதிக அபாய நிலைகளில், பைக்குள்ளேயே மருந்து செலுத்துகிறார்கள். அதில் முதன்மையானது, குழந்தைப் பருவத்தில் காசநோய்த் தடுப்பூசியாக நம் தோளில் தழும்பை விட்டுச்சென்ற அதே பி.சி.ஜி. தான். வாரம் ஒரு முறை, ஆறு வாரம். பிறகு ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை இடைவெளி விட்டுத் தொடர் தவணைகள். மெல்லிய கதீட்டர் வழியாக மருந்தைச் செலுத்திக் குழாயை எடுத்துவிடுவார்கள். அதன்பின் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சிறுநீரை அடக்கிவைக்க வேண்டும். ஆகவே அன்று காலையில் காபியையும் தண்ணீரையும் குறைத்துக்கொள்வது நல்லது. அடுத்த ஆறு மணி நேரம் ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழித்து, கழிப்பறையில் பிளீச்சிங் கரைசலை ஊற்றிக் கால் மணி நேரம் கழித்துத் தண்ணீர் விட வேண்டும். உடலுறவில் குறைந்தது ஒரு வாரம் ஆணுறை தேவை. சிகிச்சைக் காலத்தில் கருத்தரிப்பைத் தவிர்க்க வேண்டும். அன்று மாலை உடல்வலியும் இலேசான காய்ச்சலும் வரலாம். காய்ச்சல் கடுமையாக இருந்தாலோ, இரண்டு நாளைத் தாண்டினாலோ மருத்துவரிடம் போக வேண்டும். வேறு மருத்துவரைப் பார்க்க நேர்ந்தால், பி.சி.ஜி. போட்டிருப்பதை முதலிலேயே சொல்ல வேண்டும். சிறுநீரில் தொற்றோ, கண்ணுக்குத் தெரியும் இரத்தமோ இருக்கும் நாளில் இம்மருந்தைச் செலுத்தலாகாது.

தசைக்குள் புகுந்த நோய் என்றால் நிலைமை வேறு. சிஸ்பிளாட்டின் என்ற மருந்து அடங்கிய கீமோவும், அதன்பின் சிறுநீர்ப்பையை முழுவதும் அகற்றும் அறுவை சிகிச்சையும் வழக்கமான பாதை; தேர்ந்தெடுத்த சிலருக்கு, பையை அகற்றாமல் கீமோவோடு கதிர்வீச்சு கொடுப்பதும் ஏற்கப்பட்ட மாற்றுவழி. உங்களுக்கு அது பொருந்துமா என்று கேட்கத் தயங்க வேண்டாம். இங்குதான் வரிசை முக்கியம். கீமோ விந்தணுக்களையும் கருமுட்டைகளையும் பாதிக்கலாம். ஆண்களுக்குப் பையோடு புராஸ்டேட்டும் விந்துப்பைகளும் அகற்றப்படுவதால் இயற்கையாகக் குழந்தை பெறும் வழி அடைபடுகிறது. விந்தணுவை உறையவைத்துச் சேமிப்பது ஓரிரு நாள் வேலை. கருமுட்டைக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். முதல் கீமோவுக்கு முன்பே இதை முடித்தாக வேண்டும். திருமணமாகாத மகனுக்கோ மகளுக்கோ இதைப் பற்றிப் பெற்றோர் முன்னிலையில் பேச மருத்துவர் கூச்சப்படலாம். அப்படியானால் தனியாகப் பேச வேண்டும் என்று சொல்லி நேரம் கேளுங்கள். ஆண்கள், விறைப்புக்கான நரம்புகளைக் காக்க முடியுமா என்றும், பெண்கள், கருப்பை, சினைப்பை, யோனிச் சுவர் ஆகியவற்றில் எவற்றை விட்டுவைக்கலாம் என்றும் அறுவைக்கு முன் கேட்டு, பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள். சிறுகுடல் துண்டால் புதுப் பை அமைப்பதா, வயிற்றில் திறப்பு வைத்து வெளியே பை ஒட்டுவதா என்பதும் அப்போதே முடிவாக வேண்டியது. புதுப் பை இளையவர்களுக்குக் கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் இரவில் கசிவதும், சிலர் தாமே கதீட்டர் போட்டு நீரை வெளியேற்ற வேண்டியிருப்பதும் அதோடு சேர்ந்தவை. இரண்டு வகையினரையும் சந்தித்துப் பேச மருத்துவமனை ஏற்பாடு செய்யுமானால் மறுக்காதீர்கள்.

எனக்கு ஏன் வந்தது என்ற கேள்விக்குப் பலருக்கு விடை கிடைப்பதில்லை. புகையிலையே மிகப் பெரிய காரணம். இப்போது விட்டாலும் பயன் உண்டு, விடாவிட்டால் சிகிச்சையின் பலன் குறையக்கூடும். சாயம், ரப்பர் தொழில்களில் சில வேதிப்பொருள்களோடு பழகியிருந்தால் அதையும், குடும்பத்தில் ஐம்பது வயதுக்குள் யாருக்காவது பெருங்குடல் அல்லது கருப்பைப் புற்றுநோய் வந்திருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பின்னது லிஞ்ச் சிண்ட்ரோம் என்ற மரபுக் குறைபாட்டின் அடையாளமாக இருக்கலாம்.

செலவைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. அட்டை இல்லையென்றால் அறுவைத் தேதிக்கு முன்பே விண்ணப்பியுங்கள். நிறுவனத்தின் குழுக் காப்பீட்டில் இருப்பவர்கள், அதே காப்பீட்டைத் தனிநபர் பாலிசியாக மாற்றிக்கொள்ள முடியுமா என்று விசாரிக்காமல் வேலையை விட்டுவிடக் கூடாது. நோய் கண்டறியப்பட்ட பின் புதிய பாலிசி கிடைப்பது கடினம்.

கண்காணிப்பு முதல் அறுவையிலிருந்து மூன்றாம் மாதம் சிஸ்டோஸ்கோப்பியோடு தொடங்குகிறது. குறைந்த அபாயம் என்றால் அடுத்தது ஓராண்டு நிறைவில், பிறகு ஆண்டுக்கு ஒன்று. அதிக அபாயம் என்றால் முதல் இரண்டு ஆண்டுகள் மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பிறகு ஐந்தாம் ஆண்டு வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை. இளம் வயதில் வேலைக்காகப் பெங்களூருக்கோ வளைகுடாவுக்கோ போவது சகஜம். அப்படிப் போகும்போது டிஸ்சார்ஜ் அறிக்கையோடு நின்றுவிடாமல், பயாப்ஸியின் ஸ்லைடுகளையும், திசுவைப் பதித்துவைத்த மெழுகுக் கட்டியையும் பெத்தாலஜி பிரிவில் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். புது ஊரின் மருத்துவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.