பக்கத்து வீட்டு டிரைவ்வேயும் நம் காரும்: சேலத்திலிருந்து கனடா போகிறவர்களுக்கு

கனடா கிளம்புகிற பிள்ளைகள் எங்கள் அழகாபுரம் வீட்டுக்கு வந்து கேட்பதெல்லாம் குளிர்ச் சட்டை, புளி, இட்லி அரிசி பற்றித்தான். காரை எங்கே நிறுத்துவது என்று ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் டொரொன்டோவை அடுத்த பிராம்ப்டனில் நான் குடியிருந்த காலத்தில் நம்மவர்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் முகம் கொடுத்துப் பேசாத அளவுக்கு மனத்தாங்கல் வந்ததென்றால், பெரும்பாலும் அதற்குக் காரணம் கார்தான்.

அங்கே ‘செமி’ என்று ஒரு வகை வீடு உண்டு. நடுச்சுவர் ஒன்று, இரு பக்கமும் ஆளுக்கொரு குடும்பம். பல தெருக்களில் இரண்டு வீட்டு டிரைவ்வேயும், அதாவது வீட்டு முன்னால் சாலை வரை கார் நிறுத்தும் தளமும், ஒட்டியே கிடக்கும். ஒரே தார் விரிப்பு. எல்லைக் கல் கிடையாது, கோடு கிடையாது. நீங்கள் கார்க் கதவைத் திறந்து காலை ஊன்றும் இடம் அடுத்தவர் நிலமாக இருக்கலாம். வீட்டுக்கு ஒரு கார் இருந்தவரை இது யாருக்கும் உறுத்தவில்லை. தரைக்கு அடியில் இருக்கும் கீழ்த்தளத்தை (பேஸ்மென்ட்) வாடகைக்கு விட்டு, பிள்ளைகளும் வண்டி வாங்கி, மூன்றாவது நான்காவது கார் வந்த பிறகுதான் ஒரு சாண் தாருக்குக் கூட உரிமைப் பேச்சு எழுகிறது.

புதிதாகப் போகிறவர்கள் முதலில் இறங்குவது கீழ்த்தள வாடகை வீட்டில்தான் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிராம்ப்டனும் டொரொன்டோவும் இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் 2018 ஏப்ரல் 30 முதல் வீட்டு வாடகைக்கு அரசே ஒரு பொது ஒப்பந்தப் படிவம் வைத்திருக்கிறது. அதில் எத்தனை கார் நிறுத்தலாம், எந்த இடத்தில் என்று எழுத இடம் இருக்கிறது. “அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் தம்பி” என்று வீட்டுக்காரர் சொன்னாலும் விடாதீர்கள். “டிரைவ்வேயில் வீட்டை நோக்கி நின்றால் இடது பக்கம், ஒரு கார்” என்ற அளவுக்கு எழுதி வாங்குங்கள். வீட்டுக்காரருக்கும் பக்கத்து வீட்டாருக்கும் இருக்கும் பழைய பகை, இரவு வேலை முடிந்து வரும் வாடகைக்காரர் தலையில்தான் விடியும்.

வீடு வாங்கியவர்களுக்கு: யாரிடமும் வாய் கொடுப்பதற்கு முன் காகிதம் பாருங்கள். நம் ஊரில் பத்திரத்தின் செக்குபந்தியையும் வில்லங்கச் சான்றையும் பார்ப்பது போலவே அங்கும் பார்க்க வேண்டும். நில அளவையாளர் வரைந்த சர்வே பிளான், வீடு வாங்கியபோது வந்த கட்டுகளுக்குள் இருக்கலாம். இல்லையென்றால் முந்தைய உரிமையாளரிடமோ வழக்கறிஞரிடமோ கேளுங்கள். நிலப் பதிவேட்டை ‘ஆன்லேண்ட்’ என்ற அரசு இணையதளத்தில் கட்டணம் கட்டி எடுக்கலாம். அதில் வழிப் பாத்தியம், அதாவது ஒருவர் நிலத்தின் வழியாக இன்னொருவர் போய்வரும் உரிமை, ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள்.

ஏனென்றால் எல்லா டிரைவ்வேயையும் பிரிக்க முடியாது. டொரொன்டோவின் பழைய பகுதிகளில் இரண்டு வீடுகளுக்கு இடையே ஒரு கார் மட்டும் நுழையும் சந்து போன்ற பாதை, பின்பக்க கராஜ்களுக்குப் போகும். பாதி நிலம் உங்களுடையது, பாதி அவருடையது. முழுவதிலும் இருவருக்கும் வழி உண்டு என்று பதிவாகியிருக்கும். அதில் காரை நிறுத்துவதும் தவறு, தொட்டி வைப்பதும் தவறு. ஏற்காடு மலைப் பாதையின் கொண்டை ஊசி வளைவில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி ஒதுங்குவது போல, அங்கே யார் முதலில் போவது என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டால் போதும். வரிசையாக ஒட்டிக் கட்டிய டவுன்ஹவுஸ் குடியிருப்பாக இருந்து, டிரைவ்வே பொதுச் சொத்தாக இருந்தால் நிர்வாகக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு செங்கல் கூட வைக்க முடியாது.

இன்னொன்று. நம் நாட்டில் 1882ஆம் ஆண்டின் சட்டப்படி ஒரு வழியை 20 ஆண்டு வெளிப்படையாக, தடையின்றிப் பயன்படுத்தியிருந்தால் பாத்தியம் கோரலாம். ஒன்டாரியோவில் இன்றைய பதிவு முறைக்குள் வந்துவிட்ட நிலத்தில் அப்படிப் புதிதாக உரிமை வளராது. ஆகவே “அவர் டயர் நம் பக்கம் ஏறுகிறது, விட்டால் நிலமே போய்விடும்” என்று சேலத்திலிருந்து அப்பா போனில் பதறினால், பதற்றத்தைக் கடன் வாங்காதீர்கள்.

பிரிப்பது எப்படி

நம்மவர்களின் முதல் யோசனை சுவர். கொஞ்சம் பணம் சேர்ந்ததும் கம்பவுண்டு எழுப்பி, கேட் போட்டு, அதில் பெயர்ப் பலகை மாட்டிப் பழகிய கை அல்லவா! அங்கே ஒட்டிய டிரைவ்வேக்களுக்கு நடுவில் சுவரோ வேலியோ எழுப்பினால் இருவருக்குமே நட்டம். கணக்கைப் பாருங்கள். டொரொன்டோ நகர விதியில் ஒரு காருக்கான இடம் குறைந்தது 2.6 மீட்டர் அகலம், 5.6 மீட்டர் நீளம். பக்கவாட்டில் தடுப்பு இருந்தால் அந்தப் பக்கத்துக்கு இன்னும் 0.3 மீட்டர் கூட்ட வேண்டும். சாதாரணக் கார் சுமார் 1.8 மீட்டர் அகலம். நடுவில் நிறுத்தினால் பக்கத்துக்கு 40 செண்டிமீட்டர் மிஞ்சும். அதில் கதவைத் திறந்து, குழந்தை இருக்கையோடு பிள்ளையைத் தூக்கி இறக்க முடியாது. இன்று இருவரும் அடுத்தவர் பக்கத்துக் காற்றைக் கொஞ்சம் கடன் வாங்கித்தான் கதவு திறக்கிறார்கள். வேலி வந்தால் அந்தக் கடன் நின்றுவிடும்.

வேலிக்கு வேறு தொல்லைகளும் உண்டு. தரை உறைந்து இளகும்போது ஆழமில்லாத கம்பங்களை மண் மேலே தள்ளிவிடும். தெற்கு ஒன்டாரியோவில் 1.2 மீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி நடுவது வழக்கம். தோண்டுவதற்கு முன் ‘ஒன்டாரியோ ஒன் கால்’ சேவைக்குச் சொல்லி, கேஸ் குழாயும் மின்கம்பியும் எங்கே ஓடுகின்றன என்று இலவசமாகக் குறியிட்டு வாங்க வேண்டும். காரைப் பின்னோக்கி எடுக்கும்போது நடைபாதையில் வரும் பிள்ளையை மறைக்கக் கூடாது என்பதற்காக, முன்பக்க வேலியின் உயரத்துக்கும் நகரங்கள் வரம்பு வைத்திருக்கின்றன.

என் சிபாரிசு, தரை மட்டத்தில் ஒரு கல் பட்டை. எல்லைக் கோட்டை ஒட்டி ஓரடி அகலத்துக்குத் தாரை நேராக வெட்டி எடுத்து, அடியில் ஜல்லி கொட்டிக் கெட்டித்து, சாம்பல் அல்லது செங்காவி நிறத்தில் இன்டர்லாக் கற்களைத் தாரோடு சமமாகப் பதிப்பது. கதவு திறக்கும், பனி தள்ளும் பலகை தடுக்காமல் ஓடும், மழைநீர் தேங்காது. கண்ணுக்கு மட்டும் கோடு தெரியும். சண்டை வராமல் இருக்க அது போதும், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் வேண்டுமென்று ஏறி நிறுத்துவதில்லை. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல்தான் நிறுத்துகிறார்கள். பெயிண்ட் கோடு மலிவு. ஆனால் கோடைதோறும் கருப்புப் பூச்சு பூச ஆட்கள் கதவைத் தட்டுவார்கள். ஒருமுறை பூசினால் கோடு அதற்கு அடியில் போய்விடும். பூந்தொட்டி வரிசை முதல் பனிக்காலத்தைத் தாண்டாது.

பட்டையை இருவர் நிலத்திலும் பாதிப் பாதியாகப் பதித்துச் செலவையும் பாதியாகப் பகிர்வது நல்லது. அவர் சம்மதிக்கவில்லையா, முழுவதையும் உங்கள் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள். அளவு எடுக்காமல் கண் மதிப்பில் வெட்டாதீர்கள். பேசியதை ஒரு மின்னஞ்சலாகவாவது எழுதி வையுங்கள்: யார் எந்தப் பக்கம், செலவு யாருக்கு எவ்வளவு, கல் பெயர்ந்தால் யார் சரி செய்வது. அவர் வீட்டை விற்றுவிட்டால் இந்தக் கடிதம் புதியவரைக் கட்டுப்படுத்தாது. அப்படிக் கட்டுப்படுத்த வேண்டுமென்றால் வழக்கறிஞர் மூலம் பதிவு செய்ய வேண்டும்.

பனி விழுந்தால் எந்தக் கோடும் தெரியாது. அதற்கு அக்டோபரிலேயே கடைகளில் ஆரஞ்சு நிற ஓரக் குச்சிகள் வரும். டிரைவ்வே முடிகிற இடத்தில், புல் தரையில் ஒன்று, வீட்டை ஒட்டி ஒன்று நட்டுவிடுங்கள். அள்ளிய பனியை அவரவர் புல்வெளிப் பக்கம் தள்ள வேண்டும். இதில்தான் நிறைய மனக்கசப்பு: காலை ஆறு மணிக்கு அவசரத்தில் ஒருவர் தள்ளிய பனி, எட்டு மணிக்கு அடுத்தவர் கார்க் கதவின் முன்னால் இறுகிக் கல்லாகக் கிடக்கும். சாலையில் தள்ளுவது சட்டப்படி குற்றம். நகராட்சி வண்டி சாலையைச் சுத்தம் செய்துவிட்டுப் போகும்போது இரண்டு வாசலிலும் ஒரு கரை எழுப்பிவிட்டுப் போகும். அதை இருவரும் சேர்ந்து அள்ளினால் பாதி நேரத்தில் முடியும்.

இவ்வளவுக்கும் பிறகு ஒருவர் பிடிவாதமாக உங்கள் பக்கம் நிறுத்தினால், தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொண்டு நகர நிர்வாகத்திடம் சொல்லுங்கள். பிராம்ப்டனில் அதற்கு 311 என்ற தொலைபேசி எண். “மீறினால் காற்று பிடுங்கப்படும்” என்று இங்கே கேட்டுக்குக் கேட்டு எழுதி வைத்திருக்கிறோமே, அதை அங்கே செய்து பார்த்தால் போலீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

பொங்கல், பிறந்த நாள் என்று விருந்தினர் வரும் நாட்களில் பக்கத்து வீட்டாரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். தெருவில் விடலாம் என்று நம்பாதீர்கள்: பிராம்ப்டனில் பொதுவாக மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதிகாலை 2 முதல் 6 வரை அறவே கூடாது. இரவு தங்குகிறவர்களின் கார்களுக்கு நகர இணையதளத்தில் முன்கூட்டியே அனுமதி கேட்கலாம். வண்டி எண் வேண்டும், விருந்தினர் வந்து சாப்பிட உட்காரும் முன் வாங்கிக்கொள்ளுங்கள்.