பழைய பேஸ் கிட்டாரை வாங்கி நீங்களே செட்டப் செய்வது எப்படி?

போன வருடம் கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக்கு ஒரு கல்லூரிப் பையன் பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தான். "அண்ணா, அஞ்சாவது ஃப்ரெட்டுக்கு மேல அழுத்தவே முடியலணா. விரல் எல்லாம் கொப்புளம். எனக்கு இது வராது போலருக்கு, வித்துடட்டுமா?" என்றான். வாங்கிப் பார்த்தேன். 12ஆம் ஃப்ரெட்டுக்கும் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிதான் ஃப்ரெட்) தடித்த ஸ்ட்ரிங்குக்கும் நடுவே நான்கு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி. இருபது வருடம் வாசித்தவருக்கே அதில் விரல் வலிக்கும். "விக்காதடா. ராத்திரி இங்கயே இருக்கட்டும், காலைல வா" என்றேன்.

அவனுக்குச் செய்து காட்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். பேஸ் கற்க ஆரம்பித்து மூன்றே மாதத்தில் விட்டுவிட்டவர்கள் பலரை எனக்குத் தெரியும். அவர்களில் பாதிப் பேருக்காவது குறை விரலில் இல்லை, கருவி சரியாக செட்டப் ஆகாமல், அதாவது ஸ்ட்ரிங்கின் உயரமும் நெக்கின் (நீண்ட கழுத்துப் பகுதி) வளைவும் சரிசெய்யப்படாமல் இருந்தது. இளையராஜா பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பேஸ் எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று நம் காதுக்கு முன்பே தெரியும். அந்தக் காதை வைத்துக்கொண்டு ஒரு ஸ்க்ரூவைத் திருப்பத் தெரியாததால் விட்டுவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

எதை வாங்கலாம்?

நான்கு ஸ்ட்ரிங் பேஸ் வாங்குங்கள். ஐந்து ஸ்ட்ரிங் எல்லாம் அப்புறம். இன்று கிடைக்கும் பேஸ்களில் பெரும்பாலானவை ஃபெண்டரின் இரண்டு மாடல்களைப் பார்த்துச் செய்தவை. ஒன்று, லியோ ஃபெண்டர் 1951இல் கொண்டுவந்த பிரிசிஷன். ஃப்ரெட் இருப்பதால் சுருதி துல்லியமாக விழும் என்பதால் அந்தப் பெயர். இன்னொன்று 1960இல் வந்த ஜாஸ் பேஸ். முதலாவதில் இரண்டாகப் பிளந்த ஒரு பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள்), சத்தத்தை மாற்றும் இரண்டு திருகு. அடுத்ததில் இரண்டு பிக்கப், மூன்று திருகு. ஆரம்பத்துக்கு எதுவும் சரிதான். இரண்டிலும் நெக்கை உடலோடு ஸ்க்ரூ போட்டுத்தான் இணைத்திருப்பார்கள். பழுது பார்க்க அது பெரிய வசதி. நட்டிலிருந்து (தலைப்பக்கம் ஸ்ட்ரிங்குகள் படியும் பள்ளமிட்ட பட்டை) பிரிட்ஜ் (உடலில் ஸ்ட்ரிங்குகளின் மறுமுனையைத் தாங்கும் உலோகத் தகடு) வரை 34 அங்குலம் இருப்பது வழக்கமான அளவு. கை சின்னதாக இருந்தால் 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் பாருங்கள்.

புதிதாகவே வேண்டும் என்றால் காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னைக்குப் போய்விடுங்கள். அண்ணா சாலையில் 1842இலிருந்து இருக்கும் மியூஸி மியூசிகல் போன்ற கடைகளில் கையில் எடுத்து வாசித்துப் பார்த்து வாங்கலாம். பழையது போதும் என்றால், படிப்பு முடிந்து ஊர் திரும்பும் மாணவர்கள் ஏப்ரல், மே மாதங்களில் விற்பார்கள். பழைய பேஸ்தான் என் கட்சி. ஐந்தாறு வருடம் நம் வெயிலையும் மழையையும் பார்த்தும் நெக் முறுக்காமல் இருந்தால், அந்த மரத்தை நம்பலாம்.

நான் முதலில் வாங்கிய பேஸ் அப்படி இல்லை. விற்றவர் வாசித்துக் காட்டினார், பளபளப்பாகவும் இருந்தது, பணத்தைக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் நெக் முறுக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. அதை எதைக் கொண்டும் நிமிர்த்த முடியவில்லை. நீங்கள் அந்தத் தவறைச் செய்யாதீர்கள்.

தச்சர் பலகையை எடுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனியிலிருந்து நீளவாக்கில் பார்ப்பாரே, அதேபோல பேஸின் தலைப்பக்கத்திலிருந்து நெக்கைப் பாருங்கள். இரண்டு ஓரங்களும் ஒன்றுபோல் வளைந்திருந்தால் பயமில்லை, சரிசெய்யலாம். ஒரு ஓரம் ஒரு மாதிரியும் மற்றது வேறு மாதிரியும் ஓடினால் அது முறுக்கு. எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அப்புறம் நான்கு ஸ்ட்ரிங்கிலும் ஒவ்வொரு ஃப்ரெட்டையும் அழுத்தி வாசியுங்கள். நேரம் பிடிக்கும், விற்பவர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. எங்காவது சத்தம் சட்டென்று செத்துப்போகிறதா, கம்பி ஃப்ரெட்டில் உரசி இரைகிறதா என்று கேளுங்கள். நெக்கின் ஒரு முனையில், உள்ளே ஓடும் ட்ரஸ் ராடின் (நெக்கின் வளைவைச் சரிசெய்யும் இரும்புக் கம்பி) நட் இருக்கும். ஆலன் கீயை அதில் வைத்துப் பாருங்கள். உள்விளிம்பு தேய்ந்து கீ வழுக்கினால் விட்டுவிடுங்கள்.

ஃபோனில் அனுப்பிய வீடியோவைக் கேட்டு முடிவு செய்யவே வேண்டாம். தடித்த ஈ ஸ்ட்ரிங்கின் அதிர்வு நொடிக்கு ஏறத்தாழ 41. அவ்வளவு தாழ்ந்த ஒலியை ஃபோன் ஸ்பீக்கரால் எழுப்ப முடியாது. நேரில் போய் ஆம்பில் போட்டுக் கேளுங்கள்.

என்னென்ன வேண்டும்?

ஆலன் கீ செட், சின்ன ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், அரை மில்லிமீட்டர் கோடு போட்ட ஸ்டீல் ஸ்கேல், கட்டிங் பிளையர், கிளிப் ட்யூனர். லாங் பஜார் பக்கம் போனால் ட்யூனர் தவிர மற்றதெல்லாம் கிடைத்துவிடும். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளின் கட்டு) இருந்தால் நல்லது. தெருமுனை பைக் மெக்கானிக்கிடம் டேப்பட் அட்ஜஸ்ட் செய்ய வைத்திருப்பார், அரை மணி நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதுவும் இல்லையென்றால் ஒரு விசிட்டிங் கார்டு போதும், அதன் தடிமன் ஏறக்குறைய நமக்கு வேண்டிய அளவுதான்.

படி 1: ஸ்ட்ரிங் மாற்றுதல்

பழைய ஸ்ட்ரிங்கை வைத்துக்கொண்டு செட்டப் செய்வது வீண் வேலை. தடிமன் 45-லிருந்து 105 வரையுள்ள (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு) செட் வாங்குங்கள். பேஸ் ஸ்ட்ரிங் விலை சாதாரண கிட்டார் ஸ்ட்ரிங்கைப் போலப் பல மடங்கு, அதையும் பேஸ் வாங்கும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றாமல் ஒவ்வொன்றாக மாற்றுங்கள். முழுச் சுருதியில் நான்கு ஸ்ட்ரிங்கும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் நெக்கை இழுத்துக்கொண்டிருக்கும். அந்த இழுப்பு திடீரென்று போனால் நெக் நிலை மாறும், பிறகு அடங்க நேரம் ஆகும்.

தலைப்பக்கத்து ட்யூனிங் திருகின் கம்பத்தைத் தாண்டி நான்கைந்து அங்குலம் விட்டு அளந்துகொள்ளுங்கள். வெட்டுவதற்கு முன் அந்த இடத்தில் கம்பியை மடக்கிவிட்டு, மடக்குக்கு அப்பால் வெட்டுங்கள். மடக்காமல் வெட்டினால் மேல்சுற்று உள்கம்பியில் நழுவி ஸ்ட்ரிங்கே செத்துவிடும். நுனியைக் கம்பத்தின் குழியில் இறக்கி, இரண்டு மூன்று சுற்று மேலிருந்து கீழாக வரும்படி சுற்றுங்கள். ஈ, ஏ, டி, ஜி என்று ட்யூன் செய்யுங்கள்.

படி 2: நெக்கின் வளைவு

இந்தப் படிதான் எல்லாவற்றுக்கும் அடித்தளம், இங்கே மட்டும் அவசரப்படாதீர்கள்.

நெக் ஸ்கேல் வைத்ததுபோல் நேராக இருக்கக் கூடாது. ஸ்ட்ரிங் அதிரும்போது நடுவில்தான் அகலமாக ஆடும், அதற்கு இடம்விட்டு நெக் மிக லேசாகக் குழிந்திருக்க வேண்டும். அளப்பது இப்படி. ஈ ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டில் இடது கையாலும் கடைசி ஃப்ரெட்டில் வலது கையாலும் அழுத்திப் பிடியுங்கள். இப்போது அந்த ஸ்ட்ரிங்கே ஒரு ஸ்கேல். ஏழாவது எட்டாவது ஃப்ரெட் அருகே ஸ்ட்ரிங்குக்கு அடியில் கேஜின் 0.30 மில்லிமீட்டர் தகட்டை வேறொருவரை நுழைக்கச் சொல்லுங்கள். ஸ்ட்ரிங்கைத் தூக்காமல், உரசியும் உரசாமலும் போனால் சரி.

பையனுடைய பேஸில் 0.30 தகடு தொளதொளவென்று ஆடியது. ஒன்றின் மேல் ஒன்றாகத் தகடுகளைச் சேர்த்து 0.8 வரை வைத்தேன், அப்போதும் போனது. மாடி அறையில், வெயில் இறங்கும் சுவரில் ஆறு மாதம் சாய்த்து வைத்திருந்தானாம்.

இடைவெளி அதிகமாக இருந்தால் ட்ரஸ் ராட் நட்டை வலஞ்சுழியாக இறுக்குங்கள், நெக் நிமிரும். இடைவெளியே இல்லாமல் ஸ்ட்ரிங் ஃப்ரெட்டில் படுத்திருந்தால் இடஞ்சுழியாகத் தளர்த்துங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்று. அதற்கு மேல் போகாதீர்கள். திரும்ப ட்யூன் செய்து, அளந்து பாருங்கள். மரம் உடனே முழுதாக நகராது. கால் சுற்று திருப்பிவிட்டு ராத்திரி முழுக்க விட்டுவிட்டு, காலையில் அளப்பதுதான் என் பழக்கம். நட் இறுகிப்போய்த் திரும்ப மறுத்தால் பலம் கொடுக்காமல் நிறுத்திவிடுங்கள். ராட் உள்ளே உடைந்தால் நெக்கையே மாற்றவேண்டி வரும்.

மறுநாள் காலை பையன் வந்தபோது இடைவெளி 0.5க்கு வந்திருந்தது. இன்னொரு கால் சுற்று அவனையே திருப்பச் சொன்னேன். கை நடுங்கியது. திருப்பி, ட்யூன் செய்து, இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து அளந்தோம். 0.35. போதும்.

படி 3: ஸ்ட்ரிங் உயரம்

பேஸை வாசிக்கும் நிலையிலேயே மடியில் வைத்து, எங்கும் அழுத்தாமல், 12ஆம் ஃப்ரெட்டின் உச்சியிலிருந்து ஸ்ட்ரிங்கின் அடிவரை ஸ்டீல் ஸ்கேலால் அளக்க வேண்டும். ஈ ஸ்ட்ரிங் 2.5, ஜி ஸ்ட்ரிங் 2 மில்லிமீட்டர், நடுவில் உள்ள இரண்டும் படிப்படியாக இறங்கினால் நல்ல தொடக்கம். பிரிட்ஜில் ஸ்ட்ரிங் படியும் ஒவ்வொரு சாடிலுக்கும் (குட்டி உலோகத் துண்டு) இரண்டு குட்டி ஸ்க்ரூ இருக்கும். இரண்டையும் சமமாகத் திருப்புங்கள், சாடில் சாயக் கூடாது. இறக்கிய பிறகு இரைச்சல் வந்தால் அரை சுற்று ஏற்றுங்கள். ஆம்பில் கேட்காத லேசான இரைச்சலை நான் பொருட்படுத்துவதில்லை.

படி 4: இன்டோனேஷன்

நெக் முழுக்கச் சுருதி சரியாக விழும்படி செய்வதுதான் இன்டோனேஷன். ட்யூனரை மாட்டிக்கொண்டு, 12ஆம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே விரலை லேசாகத் தொட்டு மணி போன்ற ஹார்மானிக்கை எழுப்புங்கள். அடுத்து அதே ஃப்ரெட்டை அழுத்தி வாசியுங்கள். இரண்டும் ஒரே சுருதியைக் காட்ட வேண்டும். அழுத்தியது ஏறியிருந்தால் சாடிலைப் பின்னால், அதாவது நெக்கைவிட்டு விலகும்படி, நகர்த்துங்கள். இறங்கியிருந்தால் நெக்கை நோக்கி. நகர்த்தும் முன் ஸ்ட்ரிங்கைக் கொஞ்சம் தளர்த்தினால் ஸ்க்ரூ தேயாது.

பிக்கப் உயரம் பெரிய விஷயமில்லை. கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்தால் ஸ்ட்ரிங்குக்கும் பிக்கப்புக்கும் நடுவே இரண்டரை, மூன்று மில்லிமீட்டர் இருக்கட்டும்.

மின்சாரச் சங்கதிகள்

வால்யூம் திருகும்போது கரகரத்தால் உள்ளே தூசி. எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கான்டாக்ட் கிளீனர் வாங்கி, திருகுக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரின் இடுக்கில் ஒரு முறை அடித்து, இருபது தடவை முழுதாகத் திருப்புங்கள். கேபிளை ஆட்டினால் சத்தம் போய்ப்போய் வந்தால் ஜாக்கின் நட் தளர்ந்திருக்கும். அப்படியே விட்டால் ஜாக் சுற்றிச் சுற்றி உள்ளே வயர் அறும். பேட்டரி போடும் பேஸ் என்றால் வாசித்து முடித்ததும் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். கேபிள் செருகியிருக்கும் வரை 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துகொண்டேயிருக்கும்.

சாதாரண கிட்டார் ஆம்பில் பேஸைப் போட்டு வால்யூமை ஏற்றாதீர்கள், ஸ்பீக்கர் கிழியும். மேடையிலோ சர்ச்சிலோ டிஐ பாக்ஸ் (பேஸின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி) வழியாக மிக்சருக்குப் போவது நல்லது. எர்த் இருக்கும் மூன்று முனை பிளக்கில்தான் ஆம்பைப் போட வேண்டும். எர்த்தை வெட்டிவிட்டு இரண்டு முனையில் போட்ட மேடை ஒன்றில், கை ஸ்ட்ரிங்கில் இருக்க உதடு மைக்கில் பட்டு ஒரு நண்பருக்குச் சுரீரென்று அடித்தது. இது உயிர் விஷயம்.

நம் ஊர் வெயிலில் வைத்துக்கொள்வது

ஒரு வைகாசியில், கெங்கையம்மன் சிரசுத் திருவிழா சமயம், குடியாத்தத்தில் ஆர்கெஸ்ட்ரா. நாலரை மணிக்கு மேடையில் வெயில் படும் இடத்திலேயே ட்யூன் செய்தேன். ஒன்பது மணிக்கு முதல் பாட்டு ஆரம்பித்ததும் கீபோர்டோடு ஒட்டவில்லை. சூட்டில் நீண்டு தளர்ந்திருந்த ஸ்ட்ரிங்குகள் காற்று குளிர்ந்ததும் சுருங்கி, சுருதி ஏறியிருந்தது. அன்றிலிருந்து மேடை ஏறும் கடைசி நிமிடத்தில் இன்னொரு முறை ட்யூன் செய்கிறேன்.

மூடிய காரில், மாடி அறைச் சுவரில், ஜன்னலோரத்தில் பேஸை வைக்காதீர்கள். உள்ளறையின் உள்சுவர்தான் அதற்கு இடம். கோடையில் மரம் வற்றி, ஃப்ரெட்டின் ஓரம் கையில் கீறும். ஐப்பசி மழையில் மரம் ஈரம் குடிக்கும். ஒவ்வொரு நெக்கும் ஒவ்வொரு மாதிரி நகரும், அதனால் இரண்டு பருவத்திலும் படி 2ஐத் திரும்பச் செய்யுங்கள். மழைக்காலத்துக்குச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் பையில் போட்டு வைக்கிறேன். ஆம்பூர் ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவர் யாராவது தெரிந்திருந்தால் பொட்டலத்துக்குப் பஞ்சமே இருக்காது.

வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் ஸ்ட்ரிங்கை அடியிலும் மேலும் துடையுங்கள். நம் வியர்வைதான் ஸ்ட்ரிங்குக்கு முதல் எதிரி. ரோஸ்வுட் ஃப்ரெட் போர்டு வெளுத்துப்போனால் லெமன் ஆயில் இரண்டு சொட்டு விட்டுத் துடைத்துவிடுங்கள். பாலிஷ் போட்ட மேப்பிளுக்கு அது வேண்டாம். தேங்காயெண்ணெய் எதற்குமே வேண்டாம், பிசுபிசுத்து அழுக்கு சேரும்.

ஸ்ட்ராப் மூன்று அங்குல அகலமாவது இருக்கட்டும். நான்கு கிலோ எடையை இரண்டு மணி நேரம் தோள் தாங்க வேண்டுமே. என்னுடையது ஆம்பூர்த் தோலில், பக்கத்துத் தெரு செருப்புத் தைப்பவர் இரட்டைத் தையல் போட்டுத் தந்தது.

ஒவ்வொரு செட்டப் முடிந்ததும் ஒரு சீட்டில் தேதி, நெக் இடைவெளி, ஈ-ஜி உயரம், எத்தனை சுற்று எந்தப் பக்கம் திருப்பினேன் என்று எழுதிப் பையில் போட்டுவிடுவேன். பையனுடைய பையிலும் ஒரு சீட்டு வைத்து அனுப்பினேன். அடுத்த வரியை ஐப்பசியில் அவனே அளந்து எழுதி, ஃபோனில் படம் எடுத்து அனுப்பியிருந்தான்: 0.30, 2.4, 2.0.